வியாக்கியானி வீட்டுச் சித்திரம்

சாரல் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் திரண்டு வருகின்ற பெருங்கூட்டத்தில், குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தின் அருகே செப்புத் தகடு வேய்ந்த கூரையோடு நிற்கின்ற சித்திரசபையை நாடிப் போகிறவர்கள் சிலரே. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று உலோகத்தாலும் மணியாலும் பெயர் பெற்ற நடன சபைகளின் வரிசையில், வர்ணத்தால் பெயர் பெற்றது குற்றாலம் ஒன்றே. இங்கே கூத்தப்பெருமான் கல்லில் வடிக்கப்பட்டோ பஞ்சலோகத்தில் வார்க்கப்பட்டோ நிற்கவில்லை. சுவரில் எழுதிய சித்திரமாகவே வழிபாடு பெறுகிறான். அவனைச் சூழ்ந்த சுவர்களிலும் புராண நிகழ்ச்சிகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. கண்ணால் காண்பதே பக்தியின் முதற்படி என்ற கொள்கையை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் கட்டடம் தமிழகத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதே மலையின் அடிவாரத்தில், தென்காசியைச் சூழ்ந்த நல்லூர், சுரண்டை முதலிய ஊர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்ச் மிஷன் சங்கத்தாரின் உழைப்பால் வேரூன்றிய கிறிஸ்தவ சபைகள் இருக்கின்றன. 1826ஆம் ஆண்டில் அச்சங்கத்து மிஷனெரியான ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் எழுப்பி, பின்னர் ஊசிக்கோபுரம் என்று ஊராரால் அழைக்கப்படலான ஆலயத்தைத் தாயாகக் கொண்டு வளர்ந்த இந்தச் சபைகளின் கோயில்களுக்குள் நுழைகின்றவனை வரவேற்பவை, சுண்ணாம்பு பூசிய வெண்சுவர்களும் அவற்றின்மேல் எழுதப்பட்ட வேத வசனங்களுமே. விக்கிரகாராதனையை விட்டு வந்தவர்கள் மீண்டும் அதன் நிழலில் ஒதுங்கிவிடக் கூடாது என்ற அச்சம், ஆங்கில நாட்டுச் சுவிசேஷக் கூட்டத்தாரிடம் முன்பே குடிகொண்டிருந்த உருவ வெறுப்போடு கலந்து, அந்தச் சுவர்களை அவ்வளவு வெண்மையாக வைத்திருந்தது. கடவுளையே சித்திரமாக எழுதிப் பார்த்த ஒரு நாட்டில் பிறந்து, சித்திரத்துக்கு இடமில்லாத ஒரு கோயிலுக்குள் முழங்காலிட்ட அந்த மக்களின் கண்ணுக்கு என்ன நேர்ந்தது? அதன் பசி அடங்கிவிட்டதா, அல்லது வேறு ஏதேனும் ஓர் உருவத்தைத் தேடிக்கொண்டதா? இந்த வினாவுக்கு விடை தேடும்போது, சபையின் சரித்திரத்தில் கலைஞர்களைவிடக் குருமார்களே முதலில் எதிர்ப்படுகிறார்கள். உருவங்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திய அந்த மரபு, குருவின் உருவம் ஒன்றை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது என்பதும், அந்தக் குரு சிஷ்யனுடைய கண்ணை என்ன செய்தார் என்பதைப் பொறுத்தே அங்கே கலை பிழைத்ததும் பிழைக்காததும் அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தமிழ்ப் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் வேதப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக ஓதப்பட்டு வந்த நூல் மோட்சப் பிரயாணம். 1678இல் ஜான் பனியன் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்த உருவகக் கதையை முதல் நூலாகக் கொண்டுதான், திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். பனியனோ படங்களையும் சொரூபங்களையும் அறவே ஒதுக்கிய பியூரிட்டன் கூட்டத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர், தம் யாத்திரிகன் வியாக்கியானியின் வீட்டை அடைந்தவுடன் அவனுக்கு முதன்முதலாகக் காட்டப்படுவது என்னவென்று எழுதுகிறார்? விளக்கொன்றை ஏற்றிக்கொண்டு, உள்ளறைக்கு அவனை அழைத்துச் சென்று, சுவரில் தொங்குகின்ற ஒரு சித்திரத்தைக் காட்டுகிறான் வியாக்கியானி. அது கிறிஸ்துவின் படமன்று, தேவதூதனின் படமுமன்று. வானத்தை நோக்கிய கண்களும், கையில் வேதமும், உலகத்துக்குப் புறங்காட்டிய நிலையும், தலைமேல் பொற்கிரீடமும் கொண்ட ஒரு மனிதனின் படம். வழியில் எங்கெங்கே இடர் நேரிடுமோ அங்கெல்லாம் உனக்கு வழிகாட்டத்தக்கவன் இவன் ஒருவனே என்று விளக்கமும் தரப்படுகிறது. பெட்ஃபோர்டில் பனியனை ஆற்றுப்படுத்திய ஜான் கிஃபர்டு என்ற போதகரை மனத்தில் வைத்தே அவர் இதை எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். படங்களைத் தூக்கி எறிந்த ஒரு மரபு தன் கற்பனை வீட்டின் சுவரில் முதன்முதலில் மாட்டிய படம் குருவின் படமாக இருந்தது என்பது, நான் நினைக்கும் அளவில், தற்செயலன்று.

பனியனின் கற்பனையில் தொங்கிய சித்திரம் தமிழ்நாட்டில் சலவைக் கல்லிலேயே உருப்பெற்றது. அதைக் காணத் தஞ்சாவூருக்குச் செல்லவேண்டும். ஆனால் அந்தக் கதையின் ஒரு நுனி பாளையங்கோட்டையிலும், மற்றொரு நுனி குற்றாலத்திலும் இருக்கிறது.

பிராண்டன்பர்க் நாட்டில் 1726இல் பிறந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், ஹாலே நகரில் மாணவராயிருந்த காலத்தில், சென்னையிலிருந்து திரும்பித் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் என்பவரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சு வேலைக்குத் துணையாக ஒரு முதியவர் ஓர் இளைஞனுக்குக் கற்பித்த அந்த எழுத்துக்களே அவ்விளைஞனை 1750இல் தரங்கம்பாடியில் கொண்டுவந்து சேர்த்தன. அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், திருமணமும் செய்துகொள்ளாமல், தரங்கம்பாடியிலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் அவர் வாழ்ந்தார். பாளையங்கோட்டைக்கு அவர் வந்துபோன பயணங்களில் ஒன்றில், தேவசகாயம் என்ற உபதேசியாரின் மகன், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவர் கண்ணில் பட்டான். தந்தையின் சம்மதத்தோடு அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று, தம் வீட்டில் வைத்து வளர்த்து, தரங்கம்பாடியில் மேற்கல்வியும் பெறச் செய்தார். 1774இல் பிறந்த அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் சுவிசேஷ கவிராயர் என்று புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார். இருபது வயது நிரம்புமுன்னரே தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்ததும் அதே குருவின் நம்பிக்கைதான்.

அந்த வீட்டில் உருவான சாஸ்திரியார் இயற்றிய நூல்களில் தலையாயது பெத்லகேம் குறவஞ்சி. இந்த இலக்கிய வகையின் முடிமணியாக அன்றும் இன்றும் விளங்குவது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி. முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசிலாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்ற பெயரோடு நிலைபெற்றது. தஞ்சாவூர் அரண்மனையிலும் குறவஞ்சிகள் ஆடப்பட்டன. சரபோஜி மன்னர்மேல் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி ஒன்றும் உண்டு. எனவே சாஸ்திரியாரின் காதுக்கு இந்த இசை பல வழிகளில் வந்திருக்கும். எனினும் அவருடைய நூலின் கட்டுக்கோப்பைப் படிக்கின்ற எவருக்கும் திரிகூடமலையின் நிழல் அதன்மேல் விழுந்திருப்பது தெரியாமல் போகாது.

குற்றாலத்தில் வசந்தவல்லி, பவனி வரும் இறைவனைக் கண்டு மயங்குகிறாள். குறத்தி வந்து தன் மலையின் வளத்தைப் பாடிக் கைரேகை பார்த்துக் குறி சொல்கிறாள். பறவை பிடிக்கும் சிங்கன் அவளைத் தேடி அலைகிறான். பெத்லகேமில் தேவமோகினி என்னும் திருச்சபை, பவனி வரும் பெத்லகேம் நாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். விசுவாசமே குறத்தியாக வந்து குறி சொல்கிறது. ஞான சிங்கன் உபதேச வலையை விரித்து மக்களாகிய பறவைகளைப் பிடிக்கிறான். கிரகங்களின் சஞ்சாரத்தைப் பற்றித் தாம் ஐரோப்பிய ஆசிரியர்களிடம் கற்ற வான சாஸ்திரத்தையும் கவிஞர் இதனுள் சேர்த்துக்கொண்டார். இந்நூலைச் சமயப் பிரசாரத்துக்காகக் கடன் வாங்கிய சட்டகம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்விதம் நான் கருதவில்லை. குறவஞ்சியின் உயிர் அதன் கதையில் இல்லை, காட்சியில் இருக்கிறது. பவனி, மலை, அருவி, பறவைக் கூட்டம், குறத்தியின் கூடையும் மாத்திரைக் கோலும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் நிறுத்தப்படும் காட்சிகளால் ஆனது அது. வெண்சுவர்க் கோயிலில் படம் எழுத இடமில்லாதபோது, சித்திரசபையின் சுவரைச் சொல்லாலேயே கட்டிக்கொண்டார் சாஸ்திரியார். அவருடைய குருவோ மிகக் கடுமையான பக்தி மரபில் வளர்ந்தவர். பெண்ணொருத்தி தெருவில் போகும் தலைவனைக் கண்டு மையல் கொள்ளும் ஒரு நாட்டிய நாடகத்தின் மீது அந்த மரபுக்கு இயல்பாக ஐயம் எழுந்திருக்கும். ஆயினும் அவர் வளர்த்த பிள்ளை அந்தப் பாட்டைக் கைவிடாமலே கிறிஸ்தவனாக வளர முடிந்தது. சிஷ்யனின் நாவையும் கண்ணையும் அவன் பிறந்த மண்ணிலேயே விட்டுவைத்ததுதான் சுவார்ட்ஸ் ஐயர் தமிழுக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம்.

அவர் வளர்த்த மற்றொரு பிள்ளை அரச குலத்தவர். தஞ்சை மன்னர் துளஜாஜி 1787இல் சரபோஜியைச் சுவீகாரம் செய்து, மரணத் தறுவாயில் அவருக்குப் பாதுகாவலராக இருக்குமாறு சுவார்ட்ஸ் ஐயரை வேண்டிக்கொண்டார். அடுத்து அரியணை ஏறிய அமர்சிங்கின் ஆட்சியில் இருட்டறைபோன்ற காவலில் வாடிய அந்தச் சிறுவனுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வழக்காடி, அவனைச் சென்னைக்கு அனுப்பி அங்கிருந்த மிஷனெரியான கெரிக்கே ஐயரிடம் கல்வி பயிலச் செய்தவரும் இவரே. 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். சரசுவதி மகால் நூல்நிலையத்தை உலகப் புகழ் பெறச் செய்த அந்த மன்னர் கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். தம் குருவுக்கு அவர் செய்த கைம்மாறு இருவகைப்பட்டது. கல்லறைக்கென்று தாமே ஆங்கிலத்தில் கவிதை இயற்றினார். லண்டனிலிருந்த ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற தலைசிறந்த சிற்பியைக்கொண்டு ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்துச் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியுள்ள ஆலயத்தில் நிறுவினார்.

அந்தப் புடைப்புச் சிற்பத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கட்டிலில் சாகக் கிடக்கிறார் முதியவர். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். பக்கத்தில் இளவரசர் முதியவருடைய கையைப் பற்றியபடி ஆசி பெறுகிறார்; அவருடைய பரிவாரத்தார் சூழ்ந்திருக்கிறார்கள். கால்மாட்டில் பள்ளிச் சிறுவர்கள் மூவர். இந்தியாவைக் கண்ணால் காணாத ஃபிளாக்ஸ்மன், கிரேக்கப் பளிங்குகளில் தாம் பயின்ற அமைதியான கோடுகளாலேயே தஞ்சாவூர் அறையொன்றைச் சிருஷ்டித்திருக்கிறார். பனியன் வரைந்த குரு உலகத்துக்குப் புறங்காட்டி வானத்தை நோக்கி நிற்கிறார். இங்கேயுள்ள குரு படுத்துவிட்டார், கிரீடமில்லை, கையில் நூலுமில்லை, அந்தக் கையைச் சமயம் மாறாத ஒரு சிஷ்யன் பிடித்துக்கொண்டிருக்கிறான். குருவின் வெற்றி சிஷ்யனைத் தன்னைப் போலாக்குவதில்தான் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சிற்பம் ஒரு மறுப்பு. கம்பெனியாரும் தம் செலவில் இளைய ஜான் பேக்கன் என்ற சிற்பியைக்கொண்டு சுவார்ட்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்வித்துச் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் வைத்தார்கள். ஓர் ஏழைப் பாதிரியாருக்காக அரசும் வணிக ஸ்தாபனமும் தனித்தனியே பளிங்கில் நினைவு எழுப்பிய நிகழ்ச்சி இந்நாட்டில் வேறு எங்கும் நிகழ்ந்ததாக நான் அறியேன். கால்மாட்டில் நிற்கும் சிறுவர்களுக்குப் பெயரில்லை. எனினும் பாளையங்கோட்டையிலிருந்து தந்தையைப் பிரிந்து வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அவர்களிடத்தில் காணாமல் என்னால் அந்தச் சிற்பத்தைப் பார்க்க முடியவில்லை.

குருவின் நிழல் எல்லா இடத்திலும் குளிர்ச்சியாக இருப்பதில்லை. சுவார்ட்ஸ் ஐயரும் அவர் காலத்து மிஷனெரிகளும் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும் வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அது மாறும் என்று நம்பினார்கள் போலும். 1820களில் வந்த புதிய மிஷனெரிகள் அந்த வழக்கத்தை ஒழிக்க முற்பட்டபோது, அதை எதிர்த்து எழுதியவர்களுள் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். தம் பாட்டையும் விழாக்களையும் புதியவர்கள் ஒடுக்கினார்கள் என்ற அவருடைய புகாரில் நியாயம் இருந்தது. அதே மூச்சில் அவர் சாதிப் பிரிவினைக்காகவும் வாதாடியதில் நியாயம் இல்லை. கலையைக் காத்தவரும் அவரே, அநீதியைக் காத்தவரும் அவரே. குரு கண்டும் காணாமல் விட்டது சிஷ்யனிடத்தில் கொள்கையாக இறுகிப்போயிற்று. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் அவருடைய பெருமையை மட்டும் பாடுகின்ற சபைச் சரித்திரங்கள் அவருக்கே நன்மை செய்வதில்லை.

குருவின் நிழல் வேறு விதமாக விழுந்த ஊர் ஒன்றும் இந்த மலையடிவாரத்திலேயே இருக்கிறது. குற்றாலத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு தெற்கே சென்றால், பாபநாசத்தையும் களக்காட்டையும் கடந்து, டோனாவூர் வருகிறது. 1827இல் ரேனியஸ் ஐயர், பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனா என்பவரின் நன்கொடையைக்கொண்டு அமைத்த கிராமம் அது. அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடற்கரையூரில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1901இல் இவ்வூரில் தங்கி, கோயில்களுக்கு ஒப்புவிக்கப்பட இருந்த சிறுமிகளுக்குப் புகலிடம் அமைத்து, 1951 ஜனவரி 18இல் இங்கேயே காலமானார். இந்தியாவில் காலடி வைத்த 1895க்குப் பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஊர் திரும்பவே இல்லை.

அம்மாளின் ஆத்தும வளர்ச்சியில் கைவைத்தவர்கள் மூவர். முதலாமவர் ராபர்ட் வில்சன். ஆங்கில நாட்டின் ஏரிப் பிரதேசத்தில் கெசிக் என்னுமிடத்தில் ஆண்டுதோறும் கூடும் பக்தர் மாநாட்டை நிறுவியவர்களுள் ஒருவரான இந்தக் குவேக்கர் முதியவர், மகளை இழந்திருந்த தம் வீட்டில் ஏமியை மகளாகவே வைத்துக்கொண்டார். இரண்டாமவர் திருநெல்வேலி வாக்கர் என்றே அறியப்பட்ட தாமஸ் வாக்கர். ஏமிக்குத் தமிழ் கற்பித்து, பண்ணைவிளையிலும் டோனாவூரிலும் அவருக்கு மேய்ப்பராக விளங்கி, 1912இல் மசூலிப்பட்டினத்தில் திடீரென மறைந்தார். மூன்றாமவர் பொன்னம்மாள். வெள்ளைக்கார மிஷனெரிகளை மட்டுமே குருமார்களாக எண்ணிப் பழகிய நமக்கு இந்தப் பெயரை அதே வரிசையில் வைப்பது புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஊர் ஊராகச் சென்ற பெண்களின் குழுவில் ஏமியோடு உழைத்து, கைக்குழந்தைகளைக் காக்கும் பொறுப்பைத் தாங்கி, 1915இல் புற்றுநோயால் இறந்த இந்தத் தமிழ் விதவையிடம் அம்மாள் கற்றது கொஞ்சமன்று. வாக்கரின் சரித்திரத்தை 1916இல் எழுதிய அதே கை பொன்னம்மாளின் சரித்திரத்தையும் தனி நூலாக எழுதியது.

ஏமி சித்திரக்காரர் அல்லர். ஆனால் பார்வையைப்பற்றி அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தென் திருநெல்வேலிக் கிராமங்களில் தாம் கண்ட நிலையை உள்ளபடியே எழுதி அவர் அனுப்பிய கைப்பிரதி, மிஷனைப் பற்றி உற்சாகமான செய்திகளையே எதிர்பார்த்திருந்தவர்களுக்குச் சோர்வளிக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. உள்ளது உள்ளபடி என்ற பொருள்படும் தலைப்போடு 1903இல் அது நூலாக வெளிவந்தபோது அதில் புகைப்படங்களும் இடம்பெற்றன. அவற்றை எடுத்த தோழியை ஊரார் படம் பிடிக்கும் மிஸ்ஸியம்மாள் என்று அழைத்தார்கள். நூலில் சொன்னவற்றை நம்ப மறுத்தவர்களுக்கு விடையாக, மற்ற மிஷனெரிகளின் உறுதிமொழிகள் பின்வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. 1909இல் வெளியான தாமரை மொட்டுகள் என்ற நூலிலோ, உதகமண்டலத்துப் புகைப்படக் கலைஞர் பென் எடுத்த குழந்தைகளின் படங்கள் ஐம்பது, அக்காலத்தில் மிக நேர்த்தியாகக் கருதப்பட்ட அச்சு முறையில் பதிக்கப்பட்டிருந்தன. முதல் நூலின் படங்கள் வழக்கு மன்றத்துச் சாட்சிகளைப் போல நிற்கின்றன; இரண்டாம் நூலின் படங்கள் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு தனி ஆளாகக் கண்டு மகிழ்கின்றன. ஆறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இந்த மாற்றத்தில், இரக்கப்படத்தக்க பொருளாகக் கண்ட கண், நேசிக்கத்தக்க உயிராகக் காணக் கற்றுக்கொண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அதைக் கற்பித்தது எந்த மாநாடுமன்று. தொட்டில் அருகில் இரவெல்லாம் விழித்திருந்த பொன்னம்மாள் போன்றவர்களின் கூட்டுறவே என்று நான் நம்புகிறேன்.

இவ்விடத்தில் ஏமியின் காலத்திலேயே வாழ்ந்த மற்றொரு பெண்மணியை நினையாமல் இருக்க முடியாது. லண்டனில் 1853இல் பிறந்த லிலியஸ் டிராட்டர், 1876இல் தாயோடு வெனிஸ் நகரத்தில் தங்கியிருந்தபோது, அங்கே வந்திருந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு மகளின் சித்திரங்களைத் தாய் அனுப்பிவைத்தாள். நவீன ஓவியர்களைப்பற்றி ஐந்து பெரும் பகுதிகள் எழுதி ஒரு தலைமுறைக்கே பார்க்கக் கற்பித்த ரஸ்கின், அவளிடம் அபூர்வமான ஆற்றலைக் கண்டு தாமே பயிற்சி அளித்தார். தன்னை முழுவதும் கலைக்கே அர்ப்பணித்தால் நிலைபேறான படைப்புக்களை அவள் தருவாள் என்று 1879இல் உறுதி கூறினார். லண்டனில் உழைக்கும் ஏழைப் பெண்களுக்கிடையே ஊழியம் செய்துகொண்டிருந்த லிலியஸ், நெடுநாள் மனப் போராட்டத்துக்குப் பின் அவர் காட்டிய வழியை மறுத்து, 1888இல் அல்ஜீரியாவுக்குச் சென்று நாற்பது ஆண்டுகள் உழைத்து 1928இல் அங்கேயே இறந்தார். கலையைத் துறந்த தியாகி என்று பக்தர்கள் இவரைப் போற்றுகிறார்கள். அது பாதி உண்மை. பாலைவனத்து மணலையும் காய்ந்த விதையையும் வர்ணத்தில் பதித்த அவருடைய நாட்குறிப்புகளும், செடிகொடிகளை உவமையாக்கி அவர் எழுதிப் படம் வரைந்த சிறு நூல்களும், ரஸ்கின் அளித்த கண்ணை அவர் ஒருநாளும் மூடவில்லை என்பதற்குச் சான்று. ரஸ்கினும் தம் சொல்லைக் கேளாத மாணவியை வெறுக்கவில்லை; 1883இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய விரிவுரையில் அவளுடைய சித்திரங்களை எடுத்துக் காட்டிப் பேசினார். மாணவி வேறு வழியில் போனபின்னும் அவளுடைய கைத்திறனை ஊரறியச் சொல்லும் மனம் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை.

டோனாவூரில் 1927இல் ஜெப வீடு கட்டப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, மலைக்காட்டில் ஓர் இடத்தை வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகள் அருவியிலும் ஓடையிலும் விளையாடித் தங்குவதற்கென்று வீடு அமைத்திருந்தார் ஏமி. பளிங்குச் சிற்பமோ தீட்டிய சாளரமோ தேடாத அந்த ஸ்தாபனத்துக்கு மலையே சித்திரசபையாக அமைந்தது. குழந்தைகளின் படங்களை அத்தனை ஆசையோடு வெளியிட்ட அம்மாள், தம்மைப் படம் எடுக்க இணங்குவது அரிதாக இருந்தது. தம் கல்லறைக்கு மேல் கல் நாட்டலாகாது என்றும் சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, அம்மை என்ற ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். தஞ்சாவூர்ப் பளிங்கிலிருந்து டோனாவூர்த் தொட்டிவரை வந்து சேர்ந்த இந்த நூற்றைம்பது ஆண்டுப் பாதையில், குருவின் உருவம் மெல்லமெல்லக் கரைந்து, குரு காட்டிய காட்சி மட்டும் எஞ்சுகிறது. முந்தையதைவிடப் பிந்தையதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

உருவங்களைப்பற்றிய இந்தச் சங்கடம் கத்தோலிக்கருக்கு இருந்ததில்லை. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்ற பெயரோடு மரியன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவியது பலரும் அறிந்ததே. புராட்டஸ்டண்டுகளிடையே, பாளையங்கோட்டைக்காரரான சவரிராயன் இயேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து நண்பருடன் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, திராவிட முறையில் கோபுரத்தோடு ஜெபாலயம் எழுப்பினார். சென்னைக் கலைப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்ற எஸ். தனபால் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் சிலுவை சுமந்த கிறிஸ்துவை மீண்டும் மீண்டும் வடித்தார். அதே பள்ளியில் உருவான பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டிக் கிறிஸ்துவின் முகத்தை உருவாக்கினார். இவையெல்லாம் தனித்தனி நூல்களுக்குரிய விஷயங்கள்.

ஆனால் தென்காசி வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் இன்று தொங்குவது இவர்களுடைய கிறிஸ்து அல்லர். சிகாகோவில் வார்னர் சால்மன் என்ற ஓவியர் 1924இல் கரியால் வரைந்து 1940இல் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய முகத்தையும் அதைப் பின்பற்றிய நாள்காட்டிப் படங்களையுமே பெரும்பாலும் அங்கே காண்கிறோம். அந்தச் சால்மனுக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். 1914இல் வேதப் பள்ளியொன்றின் தலைவராயிருந்த செல்லர்ஸ், இந்த மாணவனின் கைவண்ணத்தை அறிந்து, கிறிஸ்துவை மெல்லியவராக அன்றி உரமுள்ள மனிதராக வரைந்து பார் என்று ஊக்கப்படுத்தினார். பத்தாண்டு கழித்து அந்தச் சொல் படமாயிற்று. சிகாகோவின் மாலைநேரப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் ஒரு மாணவனிடம் சொன்ன ஒரு வார்த்தை சுரண்டையின் சுவர்வரை வந்து எட்டிவிட்டது; மேலகரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள சித்திரசபையின் வர்ணங்கள் அந்தச் சுவரை எட்டவில்லை. சுரண்டையில் பிறந்த எந்தப் பிள்ளையிடமும் அப்படிப்பட்ட ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இருந்ததா என்பதே என்னை வருத்தும் வினா.

ஆகையால் இந்த வட்டாரத்து ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் சபைக் குருமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால், அவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்காமல் ஒரு நல்ல தாளைக் கொடுங்கள். திருக்குற்றாலக் குறவஞ்சியையும் பெத்லகேம் குறவஞ்சியையும் அருகருகே வைத்து வாலிபர் கூட்டத்தில் படியுங்கள். சாரல் காலத்தில் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துச் செல்லும்போது, சித்திரசபைக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று, அந்தச் சுவர்களுக்கு உரியவர்களின் பக்திக்கு மரியாதை செலுத்தும் மனத்தோடு, கோடு எப்படி வளைகிறது, வர்ணம் எங்கே ஆழ்கிறது என்று நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.